டைகர் பார்ப் ஏஞ்சலின் துடுப்பைக் கடிக்கிறது, என்ன செய்யலாம்?

வேளச்சேரி வாசு:
வணக்கம். என் மீன் தொட்டி 3 அடி நீளம், 1 அடி அகலம், 1½ அடி உயரம். ஏஞ்சல் ஒரு ஜோடி, பேர்ல் கௌராமி ஒரு ஜோடி, டைகர் பார்ப் இரண்டு ஜோடி, நியான் டெட்ரா இரண்டு ஜோடி. பார்ப் வந்ததிலிருந்து ஏஞ்சலுக்கு நிம்மதி இல்லை. வயிற்றுக்குக் கீழே தொங்கும் நீளத் துடுப்புகள் பாதிதான் மிச்சம். கௌராமி செடிக்குப் பின்னால் போனால் தீனிக்குக்கூட வெளியே வருவதில்லை. நியானில் மூன்றுதான் கண்ணில் படுகிறது, செத்த உடலையும் காணோம். கடையில் கேட்டால் "பசியா இருக்கும், தீனியைக் கூட்டிப் போடுங்க" என்கிறார்கள். ஏஞ்சல் என் மகளுடையது, அதைத் திருப்பிக் கொடுக்கிற பேச்சுக்கே இடமில்லை.

ஆனந்தி:
தீனியைக் கூட்டாதீங்க. மிச்சம் அழுகி அமோனியா ஏறினால் கடிபட்ட துடுப்பு ஆறாது. இன்றைக்குக் கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள்; மெட்ரோ தண்ணீர் என்றால் குளோரின் முறிப்பான் ஊற்றிய பிறகு.

கொளத்தூர் மாமா:
தம்பி, இது பசி இல்லை. நம்ம ஊரில் எல்லா மீனையும் ஜோடி கணக்கில் விற்கிறார்கள், வாங்குகிறவரும் வகைக்கு ஒரு ஜோடி என்று பை நிரப்பிக்கொண்டு போகிறார். அந்த ஜோடியில் ஆண் பெண் பார்த்தா போடுகிறார்கள்? வலையில் சிக்கிய இரண்டு, அவ்வளவுதான். கூட்டமாக வாழும் மீனுக்கு இந்தக் கணக்கு சரிப்படாது.

டைகர் பார்ப் சுமத்ரா, போர்னியோ பக்கத்து மீன். கூட்டத்துக்குள் யார் பெரியவன் என்ற சண்டை ஓயாமல் நடக்கும். பத்துப் பன்னிரண்டு இருந்தால் துரத்துவதும் கடிப்பதும் பெரும்பாலும் அவற்றுக்குள்ளேயே முடிந்துவிடும். நாலே நாலு என்றால் அந்த வேகம் பக்கத்தில் மெதுவாகப் போகிறவன் மேல் பாயும். ஏஞ்சலின் துடுப்பு, கௌராமியின் மீசை மாதிரியான துடுப்பு இரண்டுமே கண்ணெதிரே ஆடிக்கொண்டிருக்கும் நூல். விடுமா?

காணாமல் போன நியான் அநேகமாக ஏஞ்சலின் வயிற்றில் இருக்கும். வாய்க்குள் போகிற அளவு எதுவும் ஏஞ்சலுக்குத் தீனிதான். தவிர நியானுக்கு 22 முதல் 26 டிகிரி வரை சுகம். சித்திரை வெயிலில் நம் வீட்டுத் தொட்டி 30-ஐத் தாண்டும். மின்விசிறியைத் தண்ணீர் மட்டத்தில் திருப்பி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

வேளச்சேரி வாசு:
நன்றி மாமா. அப்படியானால் இன்னும் எட்டு டைகர் பார்ப் வாங்கிப் பன்னிரண்டாக்கிவிட்டால் ஏஞ்சல் தப்பிக்குமா?

கொளத்தூர் மாமா:
கடி குறையும், நிற்காது. எட்டு வாங்குவதற்குப் பதில் அந்த நாலை வெளியே அனுப்புங்கள். ஏஞ்சல்தான் முக்கியம் என்றால் அதற்குத் தோதான கூட்டம் வேண்டும். ரம்மிநோஸ் டெட்ரா ஒரு பத்து போடலாம். நெருக்கமாகச் சேர்ந்து நீந்தும், மூக்குச் சிவப்பு வெளுத்தால் தண்ணீர் கெட்டது என்று நமக்கே தெரியும். கொஞ்சம் வளர்ந்ததாகப் பார்த்து எடுங்கள். கடினமான போர்வெல் தண்ணீர் என்றால் நான் இதைச் சொல்ல மாட்டேன். இன்னொன்று செர்ரி பார்ப், இலங்கையின் தென்மேற்கு ஓடைகளில் இருப்பது. சாது. அணிவகுத்துப் போகாது, செடிக்கு இடையில் சிதறித் திரியும். எனக்கு அதுதான் பிடிக்கும்.

எதுவானாலும் முதலில் தனித் தொட்டியில் இரண்டு மூன்று வாரம். வெள்ளைப்புள்ளி நோய் ஒட்டிக்கொண்டு வந்தால் மொத்தத் தொட்டியும் போகும். அப்புறம் உங்கள் ஏஞ்சல் இரண்டும் நிஜமாகவே ஜோடி சேர்ந்து முட்டை வைத்தால் பாதித் தொட்டியை வளைத்துக்கொண்டு மற்றவர்களை விரட்டும். அப்போது வாருங்கள், அது வேறு கதை.

ஆனந்தி:
வாசு சார், என்னிடம் டைகர் பார்ப் கூட்டம் ஏற்கெனவே இருக்கிறது, பச்சை நிற வகையும் கலந்து. உங்கள் நாலையும் எடுத்துக்கொள்கிறேன். நான் இருப்பது போரூர். கொண்டு வருகிற அன்று காலையில் தீனி போடாதீர்கள். மூடியுள்ள வாளியாக இருக்கட்டும், இதுகள் துள்ளும்.