சீன மூக்குப்பொடி புட்டிகளில் நீங்கள் பார்த்த கதைகள்

கடலோரக்காகம்
ஹாங்காங்கின் பழம்பொருள் கடைத்தெருவான கேட் (Cat) ஸ்ட்ரீட்டில் ஒரு கடைக்காரர் கட்டைவிரல் உயரப் புட்டி ஒன்றைக் கையில் கொடுத்தார். உட்புற ஓவியம், அதாவது கண்ணாடியின் உள்பக்கத்தில் தீட்டியது. வெளிச்சத்தில் பிடித்தால் ஊன்றுகோலோடு லீ தியேகுவாய் என்ற தாவோ சித்தர், கையில் சுரைக்குடுக்கை, அதிலிருந்து புகை, புகைக்குள் வௌவால்கள். அவர் கதை தெரியும்தானே? உடலை விட்டு ஆவியாகப் போகிறார். ஏழு நாள் காவல் இருக்கச் சொன்ன சீடன், தாய்க்கு முடியவில்லை என்று ஆறாம் நாளே உடலை எரித்துவிட்டுப் போகிறான். திரும்பி வந்தவருக்குக் கிடைத்தது செத்துக் கிடந்த ஒரு நொண்டிப் பிச்சைக்காரனின் உடம்பு. அப்படிப்பட்டவர் முகத்தில் துளி கசப்பில்லை. பட்டம் விட்ட பையனைப் போல வௌவால்களை அண்ணாந்து பார்க்கிறார். கடுகளவு கண்ணில் அதை எப்படிக் கொண்டுவந்தார்கள்? வாங்கவில்லை, ஆனால் அந்த முகம் மனதை விட்டுப் போகவில்லை.

மண்வாசல்
கூடு விட்டுக் கூடு பாய்தல்! அப்படியே நம் திருமூலர் கதை. நான் பெய்ஜிங் பான்ஜியாயுவான் சந்தையில் பார்த்தது பேயோட்டும் ஜோங் குயி. ஓங்கிய வாள், முன்னால் ஒரு சிவப்பு வௌவால். தேர்வில் முதலிடம் பெற்றும் முகம் அழகில்லை என்று தள்ளப்பட்டு, அரண்மனைப் படியில் தலையை மோதிச் செத்தவர். அப்புறம் தாங் பேரரசர் சுவான்சோங்கின் கனவில் வந்து பேயைப் பிடிக்கிறார். தன்னைத் தள்ளிய அரண்மனைக்கே காவல்! அந்தப் புட்டியில் அவர் முறைத்தது பேயைப் பார்த்துத்தானா என்று இன்னும் யோசிக்கிறேன்.

நெய்தல்நிலவன்
மண்வாசல், 'அப்படியே' இல்லை. மேய்ப்பன் மூலன் இறந்ததும் பசுக்கள் கதறியதைப் பார்த்து, இரங்கித் தானாகவே அவன் உடலில் புகுந்தவர் திருமூலர். லீக்கு வேறு வழியே இல்லை. இரக்கமும் கதியற்ற நிலையும் ஒன்றாகிவிடுமா?

மண்வாசல்
திருமூலருக்கும் திரும்பிப் போகப் பழைய உடல் கிடைக்கவில்லையே, ஐயா. அதைத்தான் சொன்னேன்.

அறுபதடிசாலை
காகம், வௌவால் எத்தனை? சீனர்களுக்கு வௌவால் நற்பேற்றின் அடையாளம். ஐந்து என்றால் ஐந்து பேறுகள்: நீண்ட ஆயுள், செல்வம், உடல்நலம், நற்குணம், காலம் முடிந்து வரும் இயல்பான சாவு. கடைசியையும் பேறாக எண்ணியவர்கள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை.

கடலோரக்காகம்
ஐந்தேதான்!

பழம்பொருள்_ரசிகன்
என்னிடம் இருப்பது மூன்றுகால் தவளையோடு லியூ ஹாய், இவரும் ஒரு தாவோ சித்தர். காசுச் சரத்தை ஆட்டி அதை இழுக்கிறார். தவளையின் வாய் காசைத் தொட ஒரு மயிரிழைதான் பாக்கி.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. உட்புற ஓவியம் செழித்தது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். சிங் பேரரசர் சியென்லுங் ஆண்டது 1736 முதல் 1795 வரை. அதனால் உள்ளே தீட்டிய புட்டியின் அடியில் அவர் முத்திரை இருந்தால் மயங்க வேண்டாம். உட்புற ஓவியத்தில் பெயர்பெற்ற ஜோ லெயுவான், மா ஷாவ்சுவான் ஆகியோரின் கையெழுத்துகளைப் பின்னால் வந்தவர்கள் ஏராளமாகப் போட்டிருக்கிறார்கள். ஹெபெய் மாகாணத்தின் ஹெங்ஷுயியில் இன்றும் வளைந்த நுனித் தூரிகையைப் புட்டியின் வாய்வழியே விட்டு வரைகிறார்கள். புதியது என்று தெரிந்தே வாங்கலாம், வேலை அருமையாக இருக்கும். மூடியைக் கழற்றிப் பாருங்கள், பொடி எடுக்கும் குட்டிக் கரண்டி இருக்கிறதா என்று. ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: உள்ளே தண்ணீர் விட்டுக் கழுவவே கூடாது, ஓவியம் கரைந்துவிடும். வெளியே உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.