ஈஸ்ட் தொற்று விடாமல் வருகிறது, மாவுச்சத்தை நிறுத்தினால் போகுமா?

தேன்சிட்டு:

வணக்கம். கூச்சத்தை ஒதுக்கி வைத்துவிட்டு எழுதுகிறேன். வயது 49. பல மாதங்களாகப் பிறப்புறுப்பில் அரிப்பு, எரிச்சல், திரிதிரியாக வெள்ளைப்படுதல். மார்புக்கு அடியில் உள்ள மடிப்பிலும் சிவந்து, ஈரமாக, ஓரத்தில் பொடிப்பொடியாகப் பரு. கேண்டிடா என்ற ஈஸ்ட் தொற்று என்று டாக்டர் சொன்னார். ஃபுளுகோனசோல் என்ற பூஞ்சை மாத்திரை 150 மி.கி. ஒன்று போட்டால் அடங்கிவிடும். அடுத்த மாதமே மறுபடி ஆரம்பிக்கும். ராத்திரித் தூக்கமே போய்விட்டது.

தேடிப் பார்த்ததில் எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள்: ஈஸ்டுக்குத் தீனி சர்க்கரை, அதை நிறுத்தினால் செத்துவிடும். அதனால் அரிசி, கோதுமை, பழம், இனிப்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரு நாளைக்கு 20 கிராம் மாவுச்சத்துக்குள் இருக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். திங்கள்கிழமை தொடங்குகிறேன். எனக்குச் சர்க்கரை நோயும் உண்டு, மாத்திரை சாப்பிடுகிறேன். இப்படி இருந்து யாருக்காவது குணமானதா? முதல் வாரத்தில் தலைவலி, சோர்வு வந்தால் ஈஸ்ட் சாகிறது என்று அர்த்தமாமே, உண்மையா?

வெயில்கொடி:

தோழி, எனக்குக் குணமானது. ஆனால் என் கதையையும் கேளுங்கள். அப்போது என் ஹெச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் அளவு, 10ஐத் தாண்டியிருந்தது. டாக்டர் சொல்லி மாவுச்சத்தைப் பாதிக்கும் கீழே குறைத்தேன், மருந்தையும் மாற்றினார். சுகர் இறங்க இறங்க அரிப்பும் விட்டது. உணவால் போனதா, மருந்தால் போனதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. சுகர் இறங்கியதால் போனது, அதை மட்டும் அடித்துச் சொல்வேன்.

மருந்துச்சீட்டு:

தேன்சிட்டு அக்கா, திங்கள்கிழமை தொடங்க வேண்டாம். முதலில் உங்கள் சர்க்கரை மாத்திரை அட்டைகளைத் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களை அப்படியே இங்கே எழுதுங்கள். முன்பக்கம் பெரிதாக இருக்கும் கம்பெனிப் பெயர் வேண்டாம். நான் மருந்தகத்தில் வேலை பார்ப்பவள். உங்கள் பதிவைப் படித்ததும் ஒரு சந்தேகம் வந்தது, பெயரைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

தேன்சிட்டு:

கண்ணாடி போட்டுத்தான் படிக்க முடிந்தது. ஒரு அட்டையில் மெட்ஃபார்மின், கிளிமெபிரைடு. இன்னொன்றில் டாபாக்ளிஃப்ளோசின் 10 மி.கி. இரண்டாவது போன வருடம் சேர்த்தது. எழுதும்போதுதான் உறைக்கிறது, அரிப்பு அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

மருந்துச்சீட்டு:

அதே சந்தேகம்தான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை மருந்துகள் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைச் சிறுநீரகம் வழியாக வெளியே தள்ளுகின்றன. ஒரு நாளைக்கு 50 கிராமுக்கு மேல்கூட சிறுநீரில் போகும். ரத்தத்தில் சுகர் நன்றாக இருக்கும் நாளிலும் சிறுநீரில் சர்க்கரை இருந்துகொண்டே இருக்கும். பிறப்புறுப்பைச் சுற்றி ஈரம், அதில் சர்க்கரை, கேண்டிடாவுக்கு வேறென்ன வேண்டும்? இந்த மருந்துகளுக்கு நன்றாகத் தெரிந்த பக்கவிளைவே பிறப்புறுப்பு ஈஸ்ட் தொற்றுதான், ஆண்களுக்கும் வரும். நீங்கள் தட்டில் எதைக் குறைத்தாலும் மருந்து சர்க்கரையைக் கீழே அனுப்பிக்கொண்டுதான் இருக்கும்.

இதைவிட எனக்குப் பயம் தருவது வேறு. இந்த மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டே மாவுச்சத்தை 20 கிராமுக்கு இறக்கினால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறி கீட்டோஅசிடோசிஸ் ஆகலாம். சுகர் மீட்டரில் எண் பெரிதாக ஏறியிருக்காது, அதுதான் ஆபத்து. குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் என்று வரும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015இலேயே இதைப் பற்றி எச்சரித்தது. அந்த நேரத்தில் ‘ஈஸ்ட் சாகிறது’ என்று நினைத்து வீட்டிலேயே படுத்திருந்தால் உயிருக்கே ஆபத்து, அக்கா. அப்படி ஏதாவது வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், நீங்கள் சாப்பிடும் மருந்தைச் சொல்லி, கீட்டோன் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவதாக கிளிமெபிரைடு. அது கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். சாப்பாட்டில் மாவுச்சத்து இல்லையென்றால் சுகர் கிடுகிடுவென இறங்கும். ஃபுளுகோனசோல் வேறு கிளிமெபிரைடு உடம்பை விட்டு வெளியேறுவதைத் தாமதப்படுத்தும், அந்த நாட்களில் லோ சுகர் ஆக வாய்ப்பு கூடும். கை நடுங்கி, வியர்த்து, படபடப்பு வந்திருக்கிறதா?

இதையெல்லாம் படித்துவிட்டு நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள். டாபாக்ளிஃப்ளோசினை இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் பாதுகாப்பாகவும் கொடுப்பார்கள். எதற்காகச் சேர்த்தார் என்று சேர்த்த டாக்டருக்குத்தான் தெரியும்.

பழுப்புநிலா:

மருந்துச்சீட்டு சொன்னதோடு, ‘சர்க்கரையை நிறுத்தினால் ஈஸ்ட் பட்டினியால் சாகும்’ என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாப்பிடும் மாவுச்சத்தில் பெரும்பகுதி சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். கேண்டிடா நம் எல்லாருடைய குடலிலும் கொஞ்சம் இருக்கும் சாதாரணக் குடிவாசி, அதை முழுக்க ஒழிக்க முடியாது, ஒழிக்கவும் தேவையில்லை. 1999இல் ஆரோக்கியமானவர்களுக்கு வேண்டுமென்றே சர்க்கரையைக் கூட்டிக் கொடுத்துப் பார்த்த ஆய்விலும் குடல் கேண்டிடாவில் பெரிய மாற்றம் இல்லை. ரத்தச் சர்க்கரை ஏறியிருப்பவர்களுக்கு உணவுக் கட்டுப்பாடு உதவுவது வேறு வழியில்: ரத்தத்தில் ஏறினால் சிறுநீரிலும் மற்றத் திரவங்களிலும் ஏறும், தொற்றை எதிர்க்கும் வெள்ளணுக்களும் மந்தமாகும். வெயில்கொடிக்கு நடந்தது இதுதான்.

ஈஸ்ட் இருக்கிறதா என்று காலையில் தம்ளர் தண்ணீரில் எச்சில் துப்பிப் பார்க்கும் சோதனை என்று ஒன்று சுற்றுகிறது, அதற்கு எந்த அர்த்தமும் கிடையாது. முதல் வாரத் தலைவலியும் சோர்வும் மாவுச்சத்தைக் குறைக்கும்போது உடம்பிலிருந்து தண்ணீரும் உப்பும் வெளியேறுவதால் யாருக்கும் வருபவை. ஈஸ்டே இல்லாதவருக்கும் வரும்.

நான் கேட்க நினைப்பது: கல்ச்சர் எடுத்தார்களா, அதாவது மாதிரி எடுத்து லேபில் வளர்த்து எந்தக் கிருமி என்று பார்த்தார்களா? அரிப்பு என்றாலே கேண்டிடா என்று பார்த்த மாத்திரத்தில் எழுதிவிடுகிறார்கள். தோல் அழற்சியும் அப்படியே அரிக்கும். கேண்டிடாவாகவே இருந்தாலும் கிளாப்ரேட்டா வகைக்கு ஃபுளுகோனசோல் பல நேரம் சரியாகக் கேட்காது, குருசைக்குக் கேட்கவே கேட்காது. வருடத்தில் 3 முறைக்கு மேல் வந்தாலே எந்த வகை என்று பார்த்துவிடுவது நல்லது. வழக்கமாக வரும் ஆல்பிகன்ஸ் வகை என்று உறுதியானால் 1, 4, 7ஆம் நாட்களில் ஒவ்வொரு ஃபுளுகோனசோல் மாத்திரை, அப்புறம் வாரம் ஒன்றாக 6 மாதம் என்று ஒரு முறை இருக்கிறது. மாதம் ஒன்று போட்டு நிறுத்துவதைவிட அது நன்றாகக் கட்டுப்படுத்தும். உங்களுக்குச் சரிவருமா என்பதை மற்ற மருந்துகளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

தேன்சிட்டு:

எல்லாருக்கும் நன்றி. மருந்துச்சீட்டு, நீங்கள் கேட்ட படபடப்பு, வியர்வை எல்லாம் வந்திருக்கிறது, போன முறை ஃபுளுகோனசோல் போட்ட மறுநாள். வெயில் என்று நினைத்துவிட்டேன்.

அட்டைகளை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய்விட்டு வந்தேன். கோபப்படுவாரோ என்று பயந்தேன், அப்படி எதுவும் இல்லை, நிதானமாகக் கேட்டார். எனக்கு இதயத்திலோ சிறுநீரகத்திலோ பிரச்சினை இல்லாததால் டாபாக்ளிஃப்ளோசினை நிறுத்தி வேறு மருந்து கொடுத்திருக்கிறார், கிளிமெபிரைடைப் பாதியாக்கிவிட்டார். கல்ச்சருக்கும் எடுத்தார்கள். மார்பு மடிப்புக்குத் தனியாகப் பூஞ்சைக் களிம்பு. குளித்ததும் அந்த இடத்தை ஒற்றித் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகுதான் உள்ளாடை போடச் சொன்னார்.

உணவைப் பற்றியும் கேட்டேன். 20 கிராம் வேண்டாம், இனிப்பையும் சர்க்கரை போட்ட பானங்களையும் முதலில் நிறுத்துங்கள், அரிசியைப் பாதியாக்கி அந்த இடத்தில் காய்கறியும் முட்டையும் மீனும் வையுங்கள் என்றார். மெல்லக் குறைத்து, அதற்கேற்ப மாத்திரையையும் குறைத்துக்கொண்டு போகலாமாம். சாப்பிடும் முன்னும் 2 மணி நேரம் கழித்தும் சுகர் பார்த்து எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார்.

மருந்துச்சீட்டு, ஒரே ஒரு கேள்வி. கல்ச்சர் வருவதற்குள் அரிப்பு தாங்க முடியாமல் போனால் கையில் மிச்சம் இருக்கும் ஃபுளுகோனசோலைப் போடலாமா?

மருந்துச்சீட்டு:

அதை அவரிடம் போனில் கேட்டுவிட்டுப் போடுங்கள். கிளிமெபிரைடு பாதியானாலும் இன்னும் இருக்கிறது. பிறப்புறுப்புக்கு உள்ளே வைக்கும் குளோட்ரிமசோல் என்ற பூஞ்சை மாத்திரை ரத்தத்தில் மிகக் குறைவாகவே சேரும், அது ஒத்துவருமா என்றும் சேர்த்துக் கேளுங்கள். லோ சுகர் ஆனால் உடனே சாப்பிட வீட்டில் குளுக்கோஸ் பொடி இருக்கிறதா?