சீனி போடாத கோப்பைக் கேக்: செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

உப்புவெளியிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு நீரிழிவு வந்து நான்கு வருடங்கள் ஆகின்றன. மாலைத் தேத்தண்ணீரோடு பிள்ளைகள் கேக் சாப்பிடத் தொடங்கினால், அவர் எழுந்து முற்றத்துக்குப் போய்விடுவார். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் இதில் இறங்கினேன்.

தோலில் கறுப்புப் புள்ளி விழுந்த கதலிப்பழம் இரண்டு. கனியக் கனியப் பழத்தின் மாப்பொருள் சீனியாக மாறுவதால் இனிப்புக்கு அதுவே போதும். விறைப்பான பழத்தில் ஒருமுறை செய்தேன், துவர்ப்புத்தான் மிஞ்சியது. பழத்தை முள்ளுக்கரண்டியால் மசித்து, ஒரு முட்டை, இரண்டு மேசைக்கரண்டி குரக்கன் மா, கால் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை கறுவாத்தூள் சேர்த்து அடிக்கிறேன். கலவை பொங்கி எழும்; ஆகவே கோப்பையில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. எங்கள் 800 வாட் மைக்ரோவேவில் ஒன்றரை நிமிடம். நடுப்பகுதி சற்று ஈரமாக இருக்கும்போதே நிறுத்தி, இரண்டு நிமிடம் மூடி வைத்தால் மீதி அந்தச் சூட்டிலேயே வெந்துவிடும். இரண்டரை நிமிடம் விட்ட அன்று கரண்டி இறங்கவில்லை, அப்படியே ரப்பர்.

முதல் கோப்பையை அப்பா முற்றத்திலேயே இருந்து சாப்பிட்டார். அடியில் ஒட்டியதை அவர் சுரண்டும் சத்தம் குசினிவரை கேட்டது.

மூதூரிலிருந்து:
குரக்கன் மா எனக்கு உதிர்ந்து போனது. ஒரு மேசைக்கரண்டி எருமைத் தயிர் சேர்த்த பிறகே மெத்தென்று வந்தது. கோப்பையிலும் கவனம் வேண்டும். விளிம்பில் பொன்வரி போட்ட கோப்பையை உள்ளே வைத்துவிட்டேன். சில விநாடிகளில் தீப்பொறி பறந்தது. வரியில்லாத வெறும் பீங்கானே நல்லது.

திருகோணமலை நகரிலிருந்து:
அம்மாவுக்காக நானும் செய்கிறேன். சீனி போடவில்லை என்பதற்காகச் சீனியே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நடுத்தர வாழைப்பழம் ஒன்றிலேயே ஏறக்குறைய 14 கிராம் சீனி இருக்கிறது, குரக்கனும் மாப்பொருள்தான். அம்மாவுக்கு ஒரே ஒரு சிறிய கதலி போட்டு, அன்றிரவு இடியப்பத்தில் இரண்டைக் குறைத்துவிடுகிறேன். பனங்கட்டி போட்டால் தீங்கில்லை என்று பலர் சொல்கிறார்கள். அதுவும் சீனிதான், தயவுசெய்து போடாதீர்கள்.

உப்புவெளியிலிருந்து மீண்டும்:
இதைச் சொன்னதற்கு மிகவும் நன்றி. இனி அப்பாவுக்கும் ஒரு பழம்தான். தயிர்ச் சட்டி வீட்டில் இருக்கிறது, நாளை மாலை சேர்த்துப் பார்க்கிறேன்.