புட் ஓஃப், புட் அப், புட் அப் வித்: விருந்தினர் எழுதுவது விளங்கவில்லை, உதவி வேண்டும்

நல்லூர்ப்பிள்ளை:
எல்லாருக்கும் வணக்கம். நல்லூர்க் கோயிலுக்குக் கிட்ட ஒரு சின்ன விருந்தினர் விடுதியில் வேலை செய்கிறேன். ஈமெயில், வட்ஸ்அப், தொலைபேசி எல்லாவற்றுக்கும் பதில் சொல்வது என் பொறுப்பு. திருவிழா 25 நாளும் அறைக்கு அடிபடுவார்கள், அதனால் யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்பதை இப்போதே சரியாகப் பிடித்துவிட வேண்டும். என்னைக் குழப்புவது இந்தப் புட் என்ற சொல்தான். கனடாவில் இருந்து ஒரு குடும்பம் 'வீ மே ஹாவ் டு புட் ஓஃப் அவர் விசிட்' என்று எழுதியிருக்கிறது. இன்னொருவர் 'குட் யூ புட் அஸ் அப் ஃபோர் டூ நைட்ஸ்' என்று கேட்கிறார். மூன்றாவது ஆளுக்கு, விடியக்காலையில் கோயில் மணிச்சத்தம் கேட்கும் என்று முதலே சொல்லிவிட்டேன், அதற்கு அவர் 'வீ கான் புட் அப் வித் தட்' என்கிறார். புட் என்றால் வை, போடு. இந்த மூன்றிலும் யார் எதை எங்கே வைக்கிறார்கள்? கனடாக் குடும்பத்தின் அறையை வேறு ஆளுக்குக் கொடுக்கலாமா? இன்றிரவு பதில் எழுத வேண்டும்.

கோண்டாவில்பெடியன்:
அக்கா, அறையை விட்டுவிடாதீர்கள். புட் ஓஃப் என்றால் தள்ளிப்போடுவது. ஒரேயடியாகக் கைவிடுவதற்குக் கோல் ஓஃப் என்று சொல்லுவார்கள். அதோடு அவர்கள் 'மே', அதாவது தள்ளிப்போடக்கூடும், என்றும் போட்டிருக்கிறார்கள், இன்னும் முடிவெடுக்கவில்லை. என்னிடம் ஃப்ரேஸல் வேர்ப், அதாவது வினையோடு ஓஃப், அப் மாதிரிச் சொல் சேர்ந்து வேறு அர்த்தம் தருகிறவை, பட்டியல் ஒன்று இருக்கிறது, அனுப்புகிறேன், பாடமாக்குங்கோ, காணும்.

வடமராட்சி ரீச்சர்:
தம்பி சொன்ன கருத்து சரி, ஆனால் பட்டியலைப் பாடமாக்கச் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். புட் என்று தொடங்குவதையெல்லாம் ஒரே இருப்பில் படிக்கிற பிள்ளைக்கு அடுத்த நாள் ஓஃப்பும் அவுட்டும் கலந்துபோகும், எத்தனையோ வகுப்பில் பார்த்திருக்கிறேன்.

பிள்ளை, வினைச்சொல்லையே பார்த்துக்கொண்டிருக்காமல், அது யாரை அல்லது எதைத் தொடுகிறது என்று பாருங்கள். புட் அப் என்பதையே எடுங்கள். ஆளைச் சொன்னால் தங்க இடம் கொடுப்பது, 'புட் அஸ் அப்' என்று கேட்டவர் அதைத்தான் கேட்கிறார். கூடாரத்தைச் சொன்னால் அடிப்பது, நோட்டீசைச் சொன்னால் ஒட்டுவது, விலையைச் சொன்னால் கூட்டுவது. சொல் ஒன்றுதான், தொடுகிற பொருள் மாற அர்த்தமும் மாறிவிடுகிறது. ஓஃப்பும் அப்படித்தான். பயணத்தை, கூட்டத்தை, பரீட்சையைப் புட் ஓஃப் செய்தால் பிந்திய நாளுக்குத் தள்ளுவது. 2024 நவம்பர் கடைசியில் மழை வெள்ளத்தால் உயர்தரப் பரீட்சையை இடையில் நிறுத்தி டிசம்பரில் தொடர்ந்தார்களே, நிறுத்திய அந்தப் பாடங்கள் புட் ஓஃப் ஆனவை. இனி அந்தப் பாடங்களே இல்லை என்று சொல்லியிருந்தால்தான் கோல் ஓஃப். ஆனால் ஒரு ஆளைப் புட் ஓஃப் செய்தது என்று வந்தால் கதையே வேறு. 'த ஸ்மெல் புட் அஸ் ஓஃப்' என்று விருந்தினர் எழுதினால், அந்த மணத்தால் அவர்களுக்கு மனம் விட்டுப்போய்விட்டது என்று அர்த்தம், உடனே அறையைப் போய்ப் பாருங்கள்.

புட் அப் வித் என்பது பொறுத்துக்கொள்வது. மணிச்சத்தம் அவருக்குப் பிடிக்கும் என்று அவர் சொல்லவில்லை, சகித்துக்கொள்ளலாம் என்றுதான் சொல்கிறார். பின்பக்கத்து அறை இருந்தால் அதை அவருக்கே கொடுங்கள்.

புட் என்றால் வை என்ற எண்ணத்தை விடுவது கஷ்டம் என்று தெரியும். ஆனால் 'சாப்பிட்டுப் பார்' என்று நாங்கள் சொல்லும்போது கண்ணுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, 'தள்ளிப்போடு' என்றால் எதையும் கீழே போடுவதும் இல்லை. தமிழில் இதை யோசிக்காமலே செய்கிறோம்.

நல்லூர்ப்பிள்ளை:
ரீச்சர், பெரிய உதவி. பின்பக்கத்து அறை ஒன்று இருக்கிறது, அதையே கொடுக்கிறேன். கனடாக் குடும்பத்துக்கு 'இஃப் யூ புட் ஓஃப் இட், ப்ளீஸ் டெல் அஸ் த நியூ டேட்ஸ்' என்று எழுதலாமா?

லண்டன் அண்ணை:
தங்கச்சி, 'புட் இட் ஓஃப்' என்று மாற்றுங்கள், மற்றதெல்லாம் சரி. பெயர்ச்சொல் என்றால் 'புட் ஓஃப் த விசிட்', 'புட் த விசிட் ஓஃப்' இரண்டும் சொல்லலாம், இட், தெம், அஸ் மாதிரிச் சொற்கள் வந்தால் நடுவில்தான் நிற்கும். ஆனால் எல்லாவற்றுக்கும் இதைப் போடாதீர்கள். லுக் ஆஃப்டர், லுக் ஃபோர், லுக் இன்டு இவற்றில் நடுவே எதையும் விட ஏலாது, 'லுக் ஆஃப்டர் இட்' மட்டும்தான். புட் அப் வித்தும் பிரியாது. காதால் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. புட் ஓஃப்பில் அழுத்தம் ஓஃப்பில் விழும், லுக் ஆஃப்டரில் லுக்கில் விழும். பெரும்பாலும் பின்சொல்லில் அழுத்தம் விழுந்தால் பிரிக்கலாம். மாணவர்களுக்கான நல்ல அகராதிகளில் பிரிக்கக்கூடியதற்கு இரண்டு பக்கமும் முனையுள்ள அம்புக்குறி போட்டிருப்பார்கள், அதைப் பார்த்தால் ஊகிக்கத் தேவையில்லை.

விடுதி வேலை என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'வீ வில் டேர்ன் அப் அரவுண்ட் டென்' என்று எழுதினால் பத்து மணியளவில் வந்து சேருவார்கள், 'வீ டேர்ன் இன் அரவுண்ட் டென்' என்றால் பத்து மணிக்குப் படுத்துவிடுவார்கள். முதலாவதுக்கு வாசலில் ஆள் நிற்க வேண்டும், இரண்டாவதுக்கு வாசலில் சத்தமே இருக்கக்கூடாது. டேர்ன் டவுன் என்பது பாட்டுச் சத்தத்துக்கு வந்தால் குறைப்பது, நீங்கள் சொன்ன விலைக்கு வந்தால் வேண்டாம் என்பது. படிவத்துக்கு இங்கே ஃபில் இன் என்போம், அமெரிக்காவில் ஃபில் அவுட், இரண்டும் ஒன்றுதான், பயப்பட வேண்டாம்.

கோண்டாவில்பெடியன்:
டேர்ன் இன் எனக்கே புதிது அண்ணை. ரீச்சர் சொன்ன முறையில் என் பட்டியலைத் திருத்தப் போகிறேன், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு முழு வசனம் எழுதி.

நல்லூர்ப்பிள்ளை:
கனடாவில் இருந்து பதில் வந்துவிட்டது, செப்டெம்பருக்குத் தள்ளிவிட்டார்கள். அந்த அறையை இரண்டு இரவு கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். கடைசியாக ஒன்று. இப்போது ஒருவர், 'அவர் ட்ரெயின் கெட்ஸ் இன் அட் த்ரீ, கான் யூ பிக் அஸ் அப்? வீ வில் கெட் பாக் டு யூ எபவுட் த செகண்ட் ரூம்' என்று அனுப்பியிருக்கிறார். மூன்று மணிக்கு ரயில் ஏறுகிறார்களா, இறங்குகிறார்களா? இரண்டாவது அறைக்குத் திரும்பி வருகிறார்களா?

வடமராட்சி ரீச்சர்:
கெட்ஸ் இன் என்றால் ரயில் வந்து சேருகிறது, ஆகவே மூன்று மணிக்கு யாழ்ப்பாணம் ஸ்டேஷனுக்கு வாகனம் அனுப்ப வேண்டும், பிக் அஸ் அப் என்று கேட்பது அதைத்தான். கொழும்பில் ஏறுவதற்குக் கெட் ஓன், இங்கே இறங்குவதற்குக் கெட் ஓஃப். வெறும் கெட் பாக் என்றால் திரும்பி வருவது. டு யூ சேர்ந்தால் பிறகு பதில் சொல்கிறோம் என்று ஆகிவிடும். அவர்கள் இரண்டாவது அறையை இன்னும் எடுக்கவில்லை, பிள்ளை, எந்த நாளுக்குள் சொல்லுவார்கள் என்று கேட்டு எழுதிவிடுங்கள்.