வீட்டுக்குள் எடுக்கும் படம் ஏன் 'சீரியல்' மாதிரித் தெரிகிறது? மிச்சப் பணத்தை எதில் போடலாம்?

அரைவெளிச்சம்:
ஒரே வீட்டுக்குள் நடக்கும் 80 நிமிடப் படம். 12 நாள் ஷூட், யூனிட்டில் எட்டுப் பேர். கேமரா மிரர்லெஸ், 10 பிட் லாக் (பிறகு நிறம் திருத்த வசதியான பதிவு) எடுக்கும். 35, 50 மி.மீ. என இரண்டு லென்ஸ். 200 வாட் எல்இடி ஒன்று, சின்னப் பேனல் இரண்டு. டெஸ்ட் எடுத்தோம். ஃபோகஸ், எக்ஸ்போஷர் எல்லாம் சரி, ஆனாலும் படம் தட்டையாக இருக்கிறது. சுவரெல்லாம் வெள்ளை, வீட்டு டியூப்லைட்டையும் போட்டுத்தான் எடுத்தோம். வசனம் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கேட்கிறது. மிச்சமிருக்கும் பணத்தில் பெரிய கேமரா வாடகைக்கு எடுக்கலாமா?

கறுப்புத்துணி:
கேமராவைத் தொடாதீங்க. அதே வெள்ளைச் சுவரைத்தான் அதுவும் எடுக்கப்போகுது, இன்னும் துல்லியமா.

முதல்ல டியூப்லைட்டை அணைங்க. மேலேயிருந்து விழற வெளிச்சம் கண்குழியைக் கறுப்பாக்கி நெத்தியைப் பளபளன்னு காட்டும். 200 வாட்டை நேரா முகத்துக்கு அடிக்காம, 4×4 அடி தெர்மோகோல்ல அடிச்சு, திரும்பி வர்ற வெளிச்சத்துக்கு முன்னால ஒரு ஸ்கிம்மர் துணி (வெளிச்சத்தை மென்மையாக்கற மெல்லிய வெள்ளைத் துணி) கட்டுங்க. வெளிச்சம் நிறையத்தான் குறையும். ஆனா ஐஎஸ்ஓ 800, எஃப் 2.8 வச்சா மிட், க்ளோஸ் ஷாட்டுக்குப் போதும்.

அடுத்ததுதான் முக்கியம். வெள்ளை ரூம்ல எந்தப் பக்கம் லைட் வச்சாலும் எதிர்ச் சுவர்ல பட்டுத் திரும்பி வந்து நிழலை நிரப்பிடும். படம் தட்டையாகறது அதனாலதான். லைட்டுக்கு எதிர்ப்பக்கம், முகத்துலேருந்து 2, 3 அடியில, ஃப்ரேமுக்குக் கொஞ்சம் வெளியே ஒரு கறுப்புத் துணியை ஸ்டாண்ட்ல தொங்கவிடுங்க. தாடைக்குக் கீழே, காதுக்கு முன்னால இருக்கிற இடத்தை மட்டும் மானிட்டர்ல பாருங்க. துணியை உள்ளே தள்ளத் தள்ள அங்கே நிழல் இறங்கும். கேமராவும் நிழல் பக்கத்துலேருந்தே பார்க்கணும். லைட் பக்கத்துல கேமரா நின்னா செஞ்ச வேலையெல்லாம் வீண்.

நடிகரைச் சுவரோட ஒட்ட வைக்காதீங்க. லைட் முகத்துக்கு 1 மீட்டர், சுவருக்கு 4 மீட்டர்னா கணக்குப்படி சுவருக்குப் போறது 16-ல ஒரு பங்கு, அதாவது 4 ஸ்டாப் கம்மி (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் பாதியாகறது). தெர்மோகோல் பெரிசா இருக்கறதால அவ்வளவு கறாரா இறங்காது, மூணரைன்னு வச்சுக்கோங்க. அப்பவும் வெள்ளைச் சுவர் சாம்பலாத்தான் தெரியும். பின்னால ஒரு டேபிள் லேம்ப்ல 2700 கெல்வின் பல்பு எரியட்டும், சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு சரியாக் காட்டுதுங்கிற அளவு, உச்சம் 100) 95க்கு மேல இருக்கறதா வாங்குங்க. எல்இடி 5600, கேமரா வொயிட் பேலன்ஸ் 4500ல பூட்டிடுங்க. ஆட்டோ வேண்டவே வேண்டாம், ஷாட்டுக்கு ஷாட் தோல் நிறம் மாறி டிஐ (படத்தோட நிறத் திருத்தம்) பண்றவர் தலையைப் பிச்சுக்குவார்.

வீட்டு பல்பு ஃப்ரேம்ல இருந்தா ஃப்ளிக்கரையும் (படத்துல வெளிச்சம் துடிக்கறது) பாருங்க. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்னா 24 ஃப்ரேமுக்கு ஷட்டர் 1/50 (172.8 டிகிரி). 60 ஹெர்ட்ஸ்னா 1/60.

பூம்பையன்:
மிச்சப் பணம் சவுண்டுக்கு. மங்கலான ஷாட்டைக்கூடப் பார்ப்பவர்கள் மன்னித்துவிடுவார்கள், புரியாத வசனத்தை மன்னிப்பதில்லை.

கிணற்றுக் குரலுக்குக் காரணம் மைக்கின் தரமல்ல, தூரம். மைக் 2 மீட்டர் தள்ளியிருந்தால் வாயிலிருந்து வருவதைவிடச் சுவரிலும் தரையிலும் பட்டு வருவதுதான் அதிகம். பூமில் (மைக் மாட்டும் நீளக் கம்பு) மாட்டி, தலைக்கு மேலே 30–45 செ.மீ. உயரத்தில், நெஞ்சைப் பார்த்துச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். தாழ்ந்த கூரைக்கு நீளக் குழாய் வடிவ ஷாட்கன் மைக் சரிப்படாது. பக்கவாட்டிலும் பின்னாலும் வரும் எதிரொலி குழாய்க்குள் புகுந்து குரலைத் தகரம் மாதிரி ஆக்கும். முன்பக்க ஒலியை மட்டும் அதிகம் பிடிக்கும் குட்டை மைக்கான ஹைப்பர்கார்டியாய்டு எடுங்கள். தரையில் தடிப் போர்வை, கேமராவுக்குப் பின்னால் இன்னொன்று. இதிலேயே பாதி சரியாகிவிடும்.

ஒலியை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதியுங்கள். சாதாரணப் பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் இருக்கட்டும். ஃபிரிட்ஜை அணைத்து, வண்டிச் சாவியை அதற்குள் போட்டுவிடுங்கள். திரும்பப் போட மறக்க மாட்டீர்கள். ஃபேன் கட்டாயம் நிற்க வேண்டும். ஒவ்வொரு அறையிலும் மைக்கை நகர்த்தாமல், எல்லோரும் அசையாமல் நின்று 60 விநாடி ரூம் டோன், அதாவது அறையின் வெறும் அமைதியைப் பதியுங்கள். எடிட்டில் வெட்டுக்கு வெட்டு காற்றொலி மாறுவதை மறைக்க இதுதான் எளிய வழி.

லேப்பல் (சட்டையில் மாட்டும் சின்ன மைக்) துணியில் உரசினால், துணி டேப்பை ஒட்டும் பக்கம் வெளியே வருமாறு முக்கோணமாக மடித்து, மைக்குக்கு இருபுறமும் வையுங்கள். ஒன்று சட்டையில் ஒட்டும், ஒன்று தோலில். 'டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டால் 80 நிமிடத்துக்கும் ஸ்டுடியோ வாடகை ஏறும். அதிலும் அடங்கிய குரலில் பேசும் காட்சிகளில் உதடு பொருந்தினாலும் மூச்சு பொருந்தாது.

ஷெட்யூல்:
80 நிமிடத்தை 12 நாளில் என்றால் நாளுக்கு ஏறக்குறைய 7 நிமிடம். 10 மணி நேரத்தில் 20 செட்டப் (கேமரா, லைட்டை மாற்றி வைக்கும் ஒவ்வொரு முறையும் ஒன்று) எடுத்தாலும் ஒன்றுக்கு அரை மணிதான், டேக்குகளும் அதற்குள்தான். ஆகவே காட்சி வரிசையில் எடுக்காதீர்கள். ஜன்னல் பக்கம் பார்க்கும் ஷாட்டெல்லாம் ஒரே மூச்சில், பிறகு திருப்பிப் போட்டு மற்றது. ஹார்ட் டிஸ்க்கையும் கணக்கில் சேருங்கள்: 100 மெகாபிட் பதிவு மணிக்கு 45 ஜிபி, 400 மெகாபிட் என்றால் 180. இரண்டு டிஸ்க்கில் ஏற்றிச் சரிபார்க்கும்வரை கார்டை அழிக்கக் கூடாது.

ஃப்ரேமில் வரும் இரண்டு சுவருக்கு மட்டும் பளபளப்பில்லாத சாம்பல் கலந்த பச்சை அடித்துவிடுங்கள். லைட் வாடகையைவிட மலிவு.

அரைவெளிச்சம்:
பெயின்ட் அடிக்க வீட்டுக்காரர் விடமாட்டார்.

கறுப்புத்துணி:
அப்போ ஜன்னலுக்கு ரெண்டு பக்கமும் அடர் நிறத்துல கனமான திரைச்சீலை, நடுவுல ஒரு அலமாரி. சுவர்ல மூணுல ஒரு பங்குக்கு மேல வெள்ளை தெரியக் கூடாது, அவ்வளவுதான். நடிகருக்கு வெள்ளைச் சட்டை, நெருக்கமான கோடு போட்ட சட்டை ரெண்டும் வேண்டாம். கோடு சென்சார்ல அலையடிக்கும்.