கேலடெட் 2006: பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

ரெட்லைன்:

2006ல் கேலடெட் பல்கலைக்கழகத்தில் புதிய தலைவர் நியமனத்தை எதிர்த்து மாணவர்கள் போராடினார்களே, அப்போது வாஷிங்டன் பக்கம் இருந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். நான் ஆரம்பித்து வைக்கிறேன்.

அப்போது என் ஆபீஸ் ரெட் லைனில் நியூயார்க் அவென்யூ ஸ்டேஷனுக்குப் பக்கத்தில். அந்த ஸ்டேஷன் பெயரிலேயே கேலடெட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். காது கேளாதவர்களுக்காகவே உள்ள பல்கலைக்கழகம் அது. 1864ல் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்துப் போட்டு ஆரம்பித்தது. காலை நெரிசலில் ரயில் கத்திக்கொண்டு போகும், நமக்குப் பக்கத்து ஆள் பேசுவது காதில் விழாது. எதிர் வரிசையில் அந்த மாணவர்கள் பெட்டியின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாகக் கையாலேயே வம்பளந்துகொண்டு வருவார்கள். பார்க்கப் பொறாமையாக இருக்கும்.

எங்கள் டீமில் ஒருவர் அங்கே படித்தவர். காது கேளாத தலைவர் வேண்டும் என்று மாணவர்கள் நடத்திய 1988 போராட்டத்தில் நின்றவர். எங்கள் இருவருக்கும் பேச்சு எல்லாம் சாட்டில்தான், பக்கத்துப் பக்கத்து மேஜையாக இருந்தாலும். 2006 மே 1ஆம் தேதி பல்கலைக்கழகத்தின் புதிய தலைவராக ஜேன் ஃபெர்னாண்டஸை நிர்வாக வாரியம் அறிவித்தது. அதற்கு மறுநாள் அவர் எனக்கு அனுப்பிய முதல் வரி: "ராஜா தன் வாரிசை உட்கார வைத்துவிட்டார்." நம்ம ஊர் ஆளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

ராஜா என்று அவர் சொன்னது அப்போது தலைவராக இருந்த ஐ. கிங் ஜார்டனை. பெயரிலேயே கிங் இருக்கிறதே! 1988 மார்ச் 6ஆம் தேதி கதை அவரிடம்தான் கேட்டேன். தலைவர் தேர்வின் இறுதிச் சுற்றில் மூன்று பேர். இரண்டு பேர் காது கேளாதவர்கள், ஒருவர் ஜார்டன், இன்னொருவர் ஹார்வி கார்சன். மூன்றாமவர் எலிசபெத் ஜின்சர். காது கேட்கும், சைகை மொழி தெரியாது. வாரியம் ஜின்சரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, வளாகத்துக்கு வந்து நேரில் சொல்லக்கூட இல்லை, ஒரு செய்திக் குறிப்பை விநியோகித்தது. மாணவர்கள் அதைக் கையில் பிடித்தபடி ராத்திரியோடு ராத்திரியாக வாரியம் கூடியிருந்த மேஃபிளவர் ஹோட்டலுக்கே நடந்தார்கள். மறுநாள் காலை வாசல்களை சைக்கிள் பூட்டால் பூட்டி, கார்களைக் குறுக்கே நிறுத்தி டயரில் காற்றை இறக்கிவிட்டார்கள். வாரியத் தலைவி ஜேன் ஸ்பில்மன் பேச வந்தபோது யாரோ தீ எச்சரிக்கை மணியை அலறவிட்டுவிட்டார்கள். "இந்தச் சத்தத்தில் எப்படிப் பேசுவது?" என்றாராம் அந்த அம்மா. அரங்கத்தில் யாருக்கு அது சத்தம்! நண்பர் இந்த இடம் வரும்போது மட்டும் சாட்டை விட்டு எழுந்து நின்று நடித்துக் காட்டுவார்.

ஒரே வாரம். ஜின்சர் விலகினார், ஸ்பில்மன் விலகினார், வாரியத்தில் காது கேளாதவர்களுக்குப் பெரும்பான்மை, போராடியவர்கள் மேல் நடவடிக்கை இல்லை. நாலு கோரிக்கையும் கிடைத்தது. மார்ச் 13 அன்று ஜார்டன் தலைவர். 124 வருடத்தில் முதல் காது கேளாத தலைவர். (நடுவில் ஒரு நாள் அவரே ஜின்சரை ஆதரித்துப் பேசி, பிறகு மாணவர் பக்கம் வந்ததை நண்பர் மறக்கவே மாட்டார்.)

அதே மனிதருக்கு எதிராக 18 வருடம் கழித்து அதே வளாகத்தில் கூடாரம் போட்டார்கள். நான் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்தேன். வெளியில் பத்திரிகைகள் என்ன எழுதின? ஃபெர்னாண்டஸ் 'போதுமான அளவு காது கேளாதவர் இல்லை' என்று மாணவர்கள் ஒதுக்குகிறார்கள் என்று. அவர் பிறவியிலேயே காது கேளாதவர்தான், ஆனால் பேசி வளர்ந்தவர், சைகை மொழியை 23 வயதில்தான் கற்றார். ஜார்டனும் இதே காரணத்தைத்தான் சொன்னார். நண்பர் இதைப் படித்துவிட்டு அடித்த வரி: "ஜார்டனுக்குக் காது போனது 21 வயதில், மோட்டார் சைக்கிள் விபத்தில். அவரை நாங்கள் ஏற்றுக்கொள்ளவில்லையா?" எனக்கு இதற்குப் பதில் கிடைக்கவில்லை. இன்றுவரை.

மதுரைக்காரி:

என் தம்பி அப்போது உள்ளேதான் இருந்தான். வீட்டில் நாங்களாக உண்டாக்கிய சைகைகளோடு வளர்ந்தவன், அமெரிக்கச் சைகை மொழி அங்கே போய்க் கற்றது. வெப்கேமில் பேசுவோம். படம் விட்டுவிட்டு வரும், கை கலங்கலாகத் தெரியும், பாதிப் பேச்சு தட்டச்சில் முடியும்.

அக்டோபர் 5ஆம் தேதி மாணவர்கள் ஹால் மெமோரியல் கட்டடத்தைப் பிடித்தார்கள். வகுப்பு பெரும்பாலும் நடக்கிற கட்டடம் அது. 11ஆம் தேதி வளாகத்தையே மூடிவிட்டார்கள். அம்மாவுக்கு ஒரே பயம், விசாவில் போன பிள்ளை, போலீஸ் கேஸ் என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்களே என்று. "அம்மாகிட்ட நான் ஹாஸ்டல்லயே இருக்கேன்னு சொல்லுக்கா" என்று அடித்தான். ஹாஸ்டலில் இல்லை என்று எனக்குத் தெரியும்.

13ஆம் தேதி வெள்ளிக்கிழமை ஜார்டன் போலீஸை வரச் சொன்னார். 130 பேருக்கு மேல் கைது. உட்கார்ந்தவர்களை ஒவ்வொருவராகத் தூக்கிக்கொண்டு போனார்கள், ராத்திரி வரைக்கும் நடந்தது. தம்பி வாசலுக்கு எதிரே தள்ளி நின்றிருந்தான். அவன் பயந்தது ஜெயிலுக்கு இல்லை. "கையைப் பின்னாடி கட்டிட்டா என்னக்கா பண்றது, வாயையே கட்டின மாதிரி" என்றான். கேட்கிறவர்கள் யாருக்கும் இந்தப் பயம் தோன்றியிருக்காது. காலையில் அவன் எழுதியதில் ஜார்டன் என்ற பெயரே இல்லை, 'அந்த ஆள்' என்றுதான் இருந்தது.

அவனுக்கு ஃபெர்னாண்டஸ் மேல் தனிப்பட்ட கோபம் எதுவும் கிடையாது. அவனைப் போன்ற வெளிநாட்டு, வேற்று நிற மாணவர்களுக்கு உறுத்தியது கிளென் ஆண்டர்சன் விஷயம். காது கேளாத கறுப்பினத்தவர், முனைவர், வாரியத்துக்கே தலைவராக இருந்தவர். கடைசி மூன்று பேரில் அவர் இல்லை. மே மாதத்துக்கு முன்பே அதைக் கேட்டுத்தான் முதல் முணுமுணுப்பு ஆரம்பித்தது. இதைப் பெரிய பத்திரிகைகள் ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டன.

சிறப்பாசிரியை:

இரண்டு பேரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள், நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேனே.

அந்த வளாகத்துக்குள்ளேயே கெண்டல் தொடக்கப் பள்ளியும் ஓர் உயர்நிலைப் பள்ளியும் இருக்கின்றன. என் தோழியின் மகள் கெண்டலில் படித்தாள். வாசலை மூடியபோது அந்தக் குழந்தைகளுக்கும் பள்ளி போச்சு. வீட்டில் வேறு யாருக்கும் சைகை சரியாகத் தெரியாத குழந்தைக்கு, பள்ளி மூடினால் அன்று முழுக்கப் பேச ஆளில்லை. மேடையில் உரிமை பேசிய யாரும் இதைச் சொல்லி நான் பார்க்கவில்லை.

ஃபெர்னாண்டஸ் இறுக்கமானவர், வணக்கம் சொன்னால் சிரிக்க மாட்டார் என்றெல்லாம் எழுதினார்கள். ஓர் ஆண் நிர்வாகியை இப்படி அளப்பார்களா? கல்வித் தரம் பிரச்சினைதான் அங்கே நிஜம். அந்த வருடமே அமெரிக்க அரசின் பட்ஜெட் அலுவலகம் கேலடெட்டைச் 'செயல்திறனற்றது' என்று மதிப்பிட்டது. கண்டிப்பாக இருக்க வந்தவரைக் கூட்டம் சேர்த்துத் துரத்திவிட்டார்கள். அக்டோபர் 29ஆம் தேதி வாரியம் பணிந்து அவர் நியமனத்தை ரத்து செய்ததும், உறுப்பினராக இருந்த செனட்டர் ஜான் மெக்கெய்ன் வாரியத்தை விட்டே போனார். ஃபெர்னாண்டஸ் பிறகு கில்ஃபோர்ட் கல்லூரிக்குத் தலைவரானார், கேட்கிறவர்களின் கல்லூரி அது. தகுதியில்லாதவருக்கா அது கிடைக்கும்?

ரெட்லைன்:

மேடம், குழந்தைகள் விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. சிரிப்பு விஷயத்திலும்.

தகுதி இல்லை என்று நண்பர் ஒருநாளும் சொன்னதில்லை. அவர் பிடித்துக்கொண்டது 2000ஆம் வருடத்தை. துணைவேந்தருக்கு அடுத்த இடம் போன்ற பதவி, புரோவோஸ்ட். நாடு முழுக்க விளம்பரம் செய்து ஆள் தேடுவதுதான் அங்கே வழக்கம். ஜார்டன் அப்படித் தேடாமல் ஃபெர்னாண்டஸை நேராக நியமித்தார். பேராசிரியர்களுக்கு அன்றைக்கே கசந்துவிட்டது. ஆறு வருடம் பக்கத்தில் வைத்திருந்து, 2005ல் ஓய்வு பெறப்போகிறேன் என்று அறிவித்து, அடுத்த மே மாதம் அதே ஆள் தலைவர் என்றால், நடுவில் நடந்த தேர்வுக்குழு, நேர்காணல் எல்லாம் பந்தி முடிந்தபிறகு வைத்த அழைப்பிதழ் மாதிரிதானே? மே மாதமே ஆசிரியர்கள் நம்பிக்கையில்லாத் தீர்மானம் போட்டார்கள். அக்டோபரில் வாக்களித்தவர்களில் 82 சதவீதம் பேர், விலக வேண்டும் அல்லது விலக்க வேண்டும் என்றார்கள். மாணவர் கூட்டம் என்று ஒதுக்கலாம், பாடம் நடத்துகிறவர்களை எப்படி ஒதுக்குவது?

இன்னொன்று. வாரியத்தில் காது கேளாதவர்கள் பெரும்பான்மை வேண்டும் என்று 1988ல் கேட்டு வாங்கினார்கள் இல்லையா, 2006ல் ஃபெர்னாண்டஸைத் தேர்ந்தெடுத்தது அந்தப் பெரும்பான்மை வாரியம்தான். நம்மவர்கள் உள்ளே போய்விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தோம் என்று நண்பர் சொல்வார். அவர் பழைய 1988 பேட்ஜ் ஒன்றை மேஜை டிராயரில் வைத்திருந்தார். அந்த அக்டோபரில் மறுபடி குத்திக்கொண்டு வந்தார், ஜார்டனைக் கொண்டுவந்த பேட்ஜை ஜார்டனுக்கு எதிராக.

மதுரைக்காரி:

அடுத்துத் தலைவராக வந்த ராபர்ட் டவிலாவைத் தம்பிக்குப் பிடிக்கும். புலம்பெயர் பண்ணைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை, சிறுவயதில் மூளைக்காய்ச்சலில் காது போனவர். அவர் வந்த 2007லேயே அங்கீகாரக் குழு பல்கலைக்கழகத்தை நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்தது. தம்பி பட்டம் செல்லுமா செல்லாதா என்று வீட்டில் மறுபடி தூக்கம் போச்சு. 2008ல் அங்கீகாரம் உறுதியானது.

சிறப்பாசிரியைக்கு ஒன்று: 2016ல் ராபர்ட்டா கார்டானோ தலைவரானார். காது கேளாத பெண், கேலடெட்டில் முதல் முறை. இதைத் தம்பியிடம் சொன்னபோது அவன் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை பேர்ல இருந்து எடுத்தாங்களாம்?"