ஆப்பிரிக்கா கீரை பவுடர், அப்பாவுக்கு குடுக்கலாமா?

செல்லூர் பாண்டி:
எல்லாருக்கும் வணக்கம். எங்க மச்சான் நைரோபில வேல பாக்குறாப்ல, போன மாசம் லீவுக்கு வந்தப்ப ரெண்டு டப்பா கொண்டாந்தாப்ல. ஒன்னுல மனாகுன்னு போட்டுருக்கு இன்னொன்னுல சாகான்னு போட்டுருக்கு, ரெண்டுமே காயவச்சு அரைச்ச கீரைதான். அங்க உகாலின்னு மக்காச்சோளக் களி கிண்டி இந்தக் கீரையத்தான் தொட்டுக்கிருவாய்ங்களாம். டப்பா பூராம் கரோட்டினாய்டு, பாலிஃபீனால், ஃப்ளேவனாய்டு, குளுக்கோசினோலேட்னு வாயில நுழையாத பேரா இருக்கு, சுகர் கேன்சர் எதுவும் கிட்ட வராதுங்கிற கணக்கா எழுதிருக்காய்ங்க. அப்பாவுக்கு 68 வயசு, சுகர் இருக்கு, 3 வருசம் முன்னாடி ஹார்ட்ல வால்வு மாத்துனது. தெனம் 2 ஸ்பூன் மோர்ல கலந்து குடுப்பமான்னு அம்மா கேக்குது. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

உசிலம்பட்டி ராசு:
நான் தான்சானியா நாட்டுல தார் எஸ் சலாம் ஊர்ல 6 வருசம் இருந்தேன் பாண்டி. மனாகு வேற எதுவுமில்ல, நம்ம மணத்தக்காளியோட பங்காளி, இலை கொஞ்சம் பெருசா அகலமா இருக்கும் அம்புட்டுத்தான். தான்சானியால மச்சிச்சான்னு ஒன்னு விப்பாய்ங்க, மொத நாள் ஆசையா வாங்கிட்டு வந்து பாத்தா நம்ம தண்டுக்கீரை. குண்டேங்கிறது தட்டப்பயத்துக் கொழுந்து, அத நாம மாட்டுக்குப் போடுறோம் அவங்க கடைஞ்சு திங்கிறாங்க. சாகா நல்வேளை, நம்மூரு வேளைக்கீரை. கசப்பு போக அங்க அவிச்சு பால் ஊத்தி ராத்திரி பூரா ஊற வைப்பாங்க, மறுநாள் சாப்பிட்டா நல்லாவே இருக்கும். மச்சான் ஃப்ளைட்ல தூக்கிட்டு வந்தது உங்க ஊரு வாய்க்கா கரைல கெடக்குறது 😂

மேலூர் கீரைக்காரன்:
ராசு தம்பி சொன்னது சரிதான். வேளைக்கீரைய இப்ப யாரும் கேக்குறதில்ல, எங்க அப்பத்தா காலத்துல மழை பெஞ்சு பத்து நாள்ல மொளைக்கிறத பறிச்சு புளி ஊத்தி கடையும், காரமா மூக்குல ஏறும். ஒன்னு மட்டும் பாத்துக்கங்க, பூ வெள்ளையா இருந்தாத்தான் நல்வேளை. மஞ்சப் பூ பூத்தா அது நாய்வேளை, பறிச்சுட்டு வந்துராதீங்க.

தல்லாகுளம் மீனா:
நான் ஃபுட் சயின்ஸ் படிச்சவ, அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன் கோவிச்சுக்காதீங்க. கீரைக்காரண்ணே சொன்ன அந்த மூக்குல ஏறுற காரம் இருக்குல்ல, அதுக்குக் காரணம்தான் டப்பாவுல போட்டுருக்குற குளுக்கோசினோலேட். கடுகு, முட்டைக்கோஸ், முருங்கை எல்லாத்துலயும் இதே வகைதான். இலைய நறுக்கும்போதோ கசக்கும்போதோ உள்ள இருக்குற மைரோசினேஸ்ங்கிற என்சைம் அதோட கலந்து காரமான பொருளா மாத்துது, பூச்சி திங்காம இருக்க செடி பண்ணிக்கிற ஏற்பாடு. மொதல்லயே கொதிக்கிற தண்ணில போட்டா என்சைம் செத்துரும், அதனால நறுக்கி ஒரு பத்து நிமிசம் விட்டு அப்புறம் அடுப்புல வைங்க.

கரோட்டினாய்டுங்கிறது கேரட்டுக்கு நெறம் குடுக்குற பீட்டா கரோட்டின் மாதிரி சத்து, அது கொழுப்புலதான் கரையும். எண்ணெய் ஏதும் இல்லாம வெறுமனே அவிச்சுத் தின்னா உள்ள போய் பாதி சும்மா வெளிய வந்துரும். நம்ம வீட்ல மணத்தக்காளி தண்ணிச்சாறுக்கு தேங்காப்பால் ஊத்துறோமே, அது ருசிக்குன்னு நெனச்சிருப்போம், பீட்டா கரோட்டின் உடம்புல ஒட்டுறதும் அதுனாலதான். அதே மாதிரி வைட்டமின் சியும் பாலிஃபீனால்ல கொஞ்சமும் வேகவச்ச தண்ணில எறங்கிரும், அந்தத் தண்ணிய வடிச்சு கொட்டாதீங்க. சாப்ட்ட ஒடனே டீ குடிக்காதீங்க, கீரைல இருக்குற இரும்புச்சத்த டீ புடிச்சு வச்சுக்கும்.

பவுடர்ல இரும்பு கால்சியம் அப்படியே இருக்கும். ஆனா வெயில்ல காயவச்சதா இருந்தா வைட்டமின் சி போயிரும், கரோட்டினும் கொறஞ்சிரும். சுகர் கேன்சர் எழுத்தெல்லாம் பெரும்பாலும் லேப்ல செல்லு மேலயும் எலி மேலயும் பாத்தத வச்சு போடுறது, கீரை நல்லதுதான், ஆனா மருந்து கெடையாது.

இன்னொன்னு, இதான் முக்கியம். வால்வு மாத்துனவருன்னு சொல்றீங்க, ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாதிரி மாத்திரை போடுறாரா? பச்சைக் கீரை எல்லாத்துலயும் வைட்டமின் கே நெறைய இருக்கு, அது அந்த மாத்திரைக்கு நேர் எதிரா வேல செய்யும். திடீர்னு தெனம் 2 ஸ்பூன் ஆரம்பிச்சா மாத்திரை எடுபடாம வால்வுல ரத்தம் கட்டுற ஆபத்து இருக்கு. டாக்டர்கிட்ட கேக்காம மோர்லயும் வேணாம் எதுலயும் வேணாம்.

செல்லூர் பாண்டி:
அக்கா ரொம்ப நன்றி, கை கால் ஓடல படிச்சதும். ஆமா வார்ஃபரின்தான், ரத்தம் உறைய எம்புட்டு நேரம் ஆகுதுன்னு பாக்குற ஐஎன்ஆர் டெஸ்ட் மாசம் ஒருக்கா எடுக்குறோம். நேத்தே டாக்டர பாத்துட்டோம், கீரைய நிறுத்தச் சொல்லல, வாரத்துல எத்தன நாள் எம்புட்டு சாப்பிடுறாரோ அத மாத்தாம ஒரே அளவா வச்சுக்கங்க, பவுடர் வேண்டாம்னுட்டார். டப்பாவ நானே தீத்துர்றேன்.

உசிலம்பட்டி ராசு:
கென்யால மேரி அபுகுட்சா ஓன்யாங்கோன்னு ஒரு தோட்டக்கலை பேராசிரியை இருக்காங்க, ஜோமோ கென்யாட்டா வேளாண் பல்கலைக்கழகம். களைன்னு ஒதுக்குன இந்தக் கீரைகள பத்தித்தான் வருசக்கணக்கா ஆராய்ச்சி. இப்ப நைரோபி சூப்பர் மார்க்கெட்லயே மனாகு கட்டு விக்கிது. நம்ம ஆளுக இன்னும் வேளைக்கீரைய புடுங்கி வரப்புல எறியுறாய்ங்க.

செல்லூர் பாண்டி:
அண்ணே மேலூர் அண்ணே, பச்சையா வேளைக்கீரை எங்கிட்டு கெடைக்கும்? அம்மா கேட்டுக்கிட்டே இருக்கு, அதுக்கு சின்ன வயசுல தின்னதாம்.

மேலூர் கீரைக்காரன்:
அண்ணா நகர் உழவர் சந்தைக்கு வியாழக்கிழமை காலைல வர்றேன் தம்பி. விக்கிறதுக்குன்னு கட்டுறதில்ல, உங்களுக்காக ரெண்டு கட்டு எடுத்தாறேன். ஏழு மணிக்குள்ள வந்துருங்க, வெயில் ஏறுனா வாடிரும்.